தொண்டையில் பல் முளைத்த குலம்

ஈப்போ சந்தையில் லம்பாம் மீன் வாங்கும்போது அதன் வாயைத் திறந்து உதட்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருக்கும். மேல்தாடையிலோ கீழ்த்தாடையிலோ அண்ணத்திலோ ஒரு பல்கூடக் கிடையாது. பக்கத்தில் கிடக்கும் விராலிடம் இதையே செய்தால் விரல் கீறிக்கொள்ளும். அப்படியானால் லம்பாம் எதைக் கொண்டு மெல்லுகிறது? நீர்த்தாவரத்தின் தண்டும் கரையிலிருந்து உதிரும் பழமும் அதன் வயிற்றுக்குள் நசுங்கிப் போய்த்தான் சேர்ந்திருக்கின்றன.

விடை தொண்டையில் இருக்கிறது. குழம்பில் வெந்த லம்பாம் தலையை எறிந்துவிடாமல் தட்டில் வைத்துப் பிரித்தால் கண்ணால் பார்த்துவிடலாம். செவுள் மூடியை விலக்குங்கள். செவுள் வளைவுகள் நான்கு அடுத்தடுத்து நிற்கும். அவற்றுக்கும் பின்னால், தொண்டை உணவுக்குழாயாக மாறும் இடத்தில், இருபுறமும் ஒவ்வோர் எலும்பு கிடைக்கும். அரிவாள் வடிவம். உட்புறமாக வளைந்த பற்கள் அதில் வரிசை கட்டி நிற்கும். வெளி வரிசைகளில் சில, உள் வரிசையில் கூடுதலாகச் சில. இந்த எலும்பு உண்மையில் ஐந்தாவது செவுள் வளைவு. மூச்சுவிடும் வேலையை விட்டுவிட்டு மெல்லும் வேலைக்கு வந்துவிட்ட எலும்பு. இதற்கு நேர்மேலே, மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கும் முளையில், கொம்புப் பொருளாலான கெட்டியான திண்டு ஒன்று ஒட்டியிருக்கும். கீழிருந்து பற்கள் எழும்பி அந்தத் திண்டின் மேல் தேய்க்கின்றன. அம்மியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழவியைக் கீழிருந்து உருட்டுவது போன்ற அமைப்பு இது. பற்கள் தேய்ந்து விழுந்தால் வாழ்நாள் முழுவதும் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும்.

கெண்டைக் குலத்தின் அடையாளம் இதுதான். செதிலின் பளபளப்பு ஏமாற்றும், மீசையின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். உதட்டின் தடிப்போ ஒரே இனத்துக்குள்ளேயே ஆற்றுக்கு ஆறு வேறுபடும். தொண்டைப் பல் அப்படி எளிதில் பொய் சொல்லாது. அதனால்தான் மீனியலாளர்கள் இந்தப் பற்களை எண்ணி வாய்பாடாக எழுதும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். காட்டாற்று மீனான கெலாவுக்கும் அதன் உறவான மகசீர்களுக்கும் 2,3,5–5,3,2 என்று எழுதுவார்கள். இடப்பக்கம் மூன்று வரிசை, வலப்பக்கம் மூன்று வரிசை. சாதாக் கெண்டைக்கு 1,1,3–3,1,1. இந்தக் குலத்தில் எந்த மீனுக்கும் மூன்று வரிசைக்கு மேல் இல்லை, ஒரு வரிசையில் எட்டுப் பல்லுக்கு மேலும் இல்லை.

எலும்பு மக்கிப் போன இடத்திலும் இந்தப் பற்கள் மிஞ்சும். இஸ்ரேலில் யோர்தான் ஆற்றங்கரையிலுள்ள கெஷர் பெனோத் யாக்கோவ் என்ற தொல்லிடத்தில் கிடைத்த கெண்டைத் தொண்டைப் பற்களை ஆராய்ந்து, அங்கே ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பே மனித மூதாதையர் மீனைச் சமைத்துத் தின்றிருக்கிறார்கள் என்று 2022இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. பல் எனாமலின் படிக அமைப்பிலிருந்து அது எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கணித்தார்கள். நேரே நெருப்பில் எரிந்த அளவுக்கு இல்லாத மிதமான சூடு அது.

பேராக் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் வாழும் கெண்டைகளின் தொண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் ஒரே கருவி எத்தனை வேலைக்கு இழைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். தெமோலே நத்தையும் சிப்பியும் தின்னும் பெரிய மீன், உடல் நெடுகக் கறுப்புக் கோடுகள் ஓடும். அதன் தொண்டைப் பற்கள் தட்டையான கடைவாய்ப் பற்களாக அகன்றுவிட்டன. சிப்பி ஓட்டை நொறுக்க வேறு வடிவம் பயன்படாது. செபாராவ் சிறுமீன்களைத் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன். வாயில் பல்லே இல்லாமல் வேட்டையாடுகிறது என்பதுதான் அதில் வியப்பு. விழுங்கிய பிறகுதான் பற்களுக்கு வேலை. சீனத்திலிருந்து வந்த புல்கெண்டையின் பற்கள் பக்கவாட்டில் வரிவரியாகச் செதுக்கியவை. புல்லைக் கிழித்து அரைக்கும் பற்கள். டெனோஃபாரிங்கோடான் என்ற அதன் அறிவியல் பெயருக்கே சீப்புப் பல் தொண்டைக்காரன் என்றுதான் பொருள்.

கெலாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தெமெங்கோர் ஏரிக்கு மேலேயுள்ள காட்டாறுகளில், கரைமரங்கள் நீரின் மேல் கவிந்திருக்கும் இடங்களில் வாழும் மீன். பழம் உதிரும் காலத்தில் மரத்தடிக்கு வந்து காத்திருக்கும். தூண்டில்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். கெலாவுக்கு அவர்கள் குத்தும் இரை பெரும்பாலும் பழுத்த செம்பனைப் பழம். செம்பனை ஆப்பிரிக்க மரம். கெலாவின் மூதாதையர் அதைக் கண்டதில்லை. ஆனாலும் சிவந்து எண்ணெய் ஒழுகும் ஒரு பழம் தண்ணீரில் விழுந்தால் அது உணவு என்று அந்த மீனுக்குப் புரிந்துவிடுகிறது.

ரப்பருக்கும் இதே கதை. பிரேசில் மரமான ரப்பர் கோலகங்சாருக்கு வந்தது 1877இல். பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ ஒன்பது கன்றுகளை அங்கே நட்டார். அதிலிருந்து பெருகிய தோட்டங்களில்தான் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டினார்கள். காய் வெயிலில் வெடித்துக் கொட்டை நெடுந்தூரம் சிதறும் ஓசையும், புள்ளி போட்ட ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் சுடும் விளையாட்டும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொட்டையின் பருப்பில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும். பச்சையாகத் தின்னக் கூடாது என்று பெரியவர்கள் கண்டித்ததற்கு வேதியியல் காரணம் அது. அந்தக் கொட்டையை ஊறவைத்து ஜெலாவாட்டுக்கும் லம்பாமுக்கும் இரையாகக் குத்துகிறார்கள். ஜெலாவாட் பழமும் விதையும் தேடித் தின்னும் மீன். தாய்லாந்தில் அதைப் பைத்திய மீன் என்றே அழைப்பார்கள். நீரடிமுத்து இனத்து மரங்களின் நச்சு விதைகளைத் தின்றுவிட்டு மயங்கி மிதக்கும், அப்போது அதன் கறியைத் தின்றால் மனிதருக்கும் தலை சுற்றும் என்று பழைய மீன் நூல்கள் குறிப்பிடுகின்றன.

மென்ற உணவு போய்ச் சேரும் இடமும் விசித்திரமானது. கெண்டையின் வயிற்றைக் கிழித்தால் குடல் உண்டு, இரைப்பை என்று தனியாக ஒன்று இல்லை. உணவுக்குழாய் நேராகக் குடலில் போய்ச் சேர்கிறது. அமிலம் சுரந்து கரைக்கும் அறை இல்லாததால், அரைக்கும் வேலையைத் தொண்டையே முடித்துவிட வேண்டியிருக்கிறது. தாவரம் தின்னும் இனங்களுக்குக் குடல் உடலைவிடப் பலமடங்கு நீளம். புழுபூச்சி தின்னும் இனங்களுக்குக் குறைவு.

இன்னோர் அடையாளம் காதில் இருக்கிறது. கெண்டைகளின் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் இடையில் சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று ஓடுகிறது. முதுகெலும்பின் முன் கண்ணிகளிலிருந்து பிரிந்து உருமாறிய எலும்புகள் அவை. நீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிரச் செய்ய, சங்கிலி அந்த அதிர்வைக் காதுக்குக் கடத்துகிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1820இல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் வெபர் எலும்புகள் எனப்படுகிறது. கெண்டை மட்டுமல்ல, கெளிறும் கெளுத்தியும்கூட இந்தச் சங்கிலியைக் கொண்டவை. கரையில் தடதடவென்று நடந்தால் கெண்டை ஒளிந்துகொள்ளும் என்று தூண்டில் போடுகிறவர்கள் சொல்வது வீண்பேச்சு அல்ல. தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1923இல் ஒரு கெளுத்தி வகை மீனைச் சீழ்க்கை ஒலிக்கு ஓடிவரப் பழக்கிக் காட்டி, மீனுக்குக் காது கேட்காது என்ற கருத்தை உடைத்தார். அவரே 1938இல் இன்னொன்றையும் அறிவித்தார். சிறு கெண்டை ஒன்றின் தோல் கிழிந்தால் அதிலிருந்து நீரில் கரையும் ஒரு பொருளை முகர்ந்து மந்தை முழுவதும் சிதறி ஓடுகிறது. தோட்டத்து அல்லூரில், அதாவது சிற்றோடையில், செலுவாங் என்ற சிறுமீன் கூட்டத்தின் நடுவே ஒன்று அடிபட்டால் அடுத்த கணம் நீர் வெறுமையாகிவிடுவது இதனால்தான்.

தொண்டைப் பல், காதுச் சங்கிலி, இரைப்பையின்மை. இவற்றை வைத்துக் குலத்தை அடையாளம் காணலாம். குலத்துக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்பது வேறு கேள்வி, இதைவிடக் கடினமான கேள்வி.

லின்னேயஸ் 1758இல் வேலையைச் சுருக்கமாக முடித்தார். ஐரோப்பியக் கெண்டைகள் எல்லாவற்றையும் சிப்ரினஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டார். சாதாக் கெண்டையும் தங்கமீனும் அதில் இருந்தன. ஆற்றின் சரளைக்கல் தரையில் மேயும் விரல்நீள மீனான கட்ஜனும் அதில்தான் இருந்தது. 1816இல் குவியே கட்ஜனைப் பிரித்துக் கோபியோ என்று தனிப் பேரினம் ஆக்கினார். பிறகு பீட்டர் பிளீக்கர் வந்தார். டச்சு கிழக்கிந்தியப் படையில் மருத்துவராக இருந்து, பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில், மீன்களைச் சேகரித்துப் பெயரிட்டவர். நம் சந்தை மீன்கள் பாதிக்கு அவர்தான் பெயர் வைத்தார் என்று சொன்னாலும் தகும். 1851இல் ஜெலாவாட், 1852இல் கெதுத்து, 1854இல் கெலாவும் ஆற்று லம்பாமும். எல்லாம் அண்டைத் தீவுகளிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து. அதே பிளீக்கர்தான் 1863இல் கட்ஜன்களுக்கென்று கோபியோனிடே என்ற தனிக் குழுவை வகுத்தார்.

அந்தக் குழு அடுத்த ஒன்றரை நூற்றாண்டுகளில் பெரும்பாலும் சிப்ரினிடே என்ற மாபெரும் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகவே வைக்கப்பட்டது. மூவாயிரம் இனங்கள் கொண்ட குடும்பம். முதுகெலும்பிகளில் இவ்வளவு பெரிய குடும்பம் அரிது. அதற்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்ததற்குக் காரணம் ஒற்றுமை தெளிவாகத் தெரிந்ததும் உட்பிரிவு தெளிவாகத் தெரியாததும்தான். மரபணுவைப் படிக்கும் வசதி வந்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு 2016இல் ஒரு குலமரபு வரைந்தது. அதன் அடிப்படையில் மில்டன் டானும் ஜொனாதன் ஆர்ம்ப்ரஸ்டரும் 2018இல் பழைய குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தார்கள். கோபியோனிடே மீண்டும் தனிக் குடும்பம் ஆயிற்று. குடும்பம் என்பதா துணைக்குடும்பம் என்பதா என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. கிளைகள் எங்கே பிரிகின்றன என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

இந்தப் பிரிவினையை ஈப்போ சந்தையின் தட்டுகளின் மேல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். கெலா, தெங்காஸ், லம்பாம், செபாராவ், தெமோலே, இந்தியாவிலிருந்து வந்த ரோகு, சாதாக் கெண்டை ஆகியவை சுருங்கிய சிப்ரினிடேக்குள் நிற்கின்றன. செலுவாங் டானியோனிடேக்குப் போய்விட்டது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனுக்கு அது பங்காளி. ஜெலாவாட்டுக்கு லெப்டோபார்பிடே என்று ஒரே ஒரு பேரினம் கொண்ட குடும்பம். புல்கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் செனோசிப்ரிடிடே. அந்தக் குடும்பமும் கட்ஜன் குடும்பமும் குலமரத்தில் ஒரே பெருங்கிளையில் அமர்ந்திருக்கின்றன. சாதாக் கெண்டையும் லம்பாமும் வேறு கிளையில். அதாவது பேராக்கில் கட்ஜனுக்கு நெருங்கிய சொந்தத்தைக் காட்டச் சொன்னால், கட்ஜனைப் போலவே மீசையோடு தரையில் மேயும் சாதாக் கெண்டையைக் காட்டக் கூடாது. ஆளுயரம் வளர்ந்து புல் தின்னும் புல்கெண்டையைத்தான் காட்ட வேண்டும். இந்த ஆய்வில் என்னைத் திகைக்க வைத்த இடம் இதுதான். புல்கெண்டைக்கு மீசையே கிடையாது.

மதுரைக்காரர்கள் கேட்பார்கள், அயிரை எங்கே என்று. அயிரை கெண்டைக் குடும்பம் அல்ல. ஆனால் ஒரே வரிசை. சிப்ரினிஃபார்மிஸ் என்ற அந்த வரிசையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சுமத்ராவின் சதுப்புக் காட்டிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட பேடோசிப்ரிஸ் 7.9 மில்லிமீட்டர் நீளத்திலேயே முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். மேகோங் ஆற்றின் மாபெரும் கெண்டை மூன்று மீட்டர் வளரும் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டும் இந்த வரிசைக்குள்தான்.

கட்ஜன்கள் மலாயாவில் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. ஐரோப்பாவில் கொஞ்சம், மற்றபடி சீனம், கொரியா, ஜப்பான், அமுர் ஆற்றுப் படுகை. ஏறத்தாழ இருநூறு இனங்கள். பெரும்பாலும் கைவிரல் அளவு. ஐரோப்பியக் கட்ஜனின் வாயோரத்தில் பக்கத்துக்கு ஒரு மீசை, தொண்டையில் இரண்டு வரிசைப் பல். கோபியோபோட்டியா என்ற கிழக்காசியப் பேரினத்துக்கு நான்கு இணை மீசைகள், கலங்கிய வேகநீரில் தரையைத் தடவி இரை தேட. முட்டையிடும் முறைகளில் இவை காட்டும் வகைமை ஆச்சரியமானது. சில இனங்கள் உயிருள்ள சிப்பிக்குள் முட்டையிடுகின்றன. ஜப்பானிலும் கொரியாவிலும் வாழும் புங்துங்கியா ஹெர்சி, ஆண்மீன் காவல் காக்கும் வேறோர் இனத்தின் கூட்டுக்குள் கூட்டமாகப் புகுந்து முட்டையிட்டுவிட்டு ஓடிவிடும். காவல்காரன் தன் முட்டைகளோடு அவற்றையும் காக்கிறான்.

சூடோரஸ்போரா பார்வா என்ற கட்ஜன்தான் இவற்றில் உலகம் சுற்றியது. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புல்கெண்டை, வெள்ளிக் கெண்டைக் குஞ்சுகளை வளர்ப்புக்காகக் கொண்டுபோனபோது, அதே அளவிலிருந்த இந்த மீனும் கலந்து போய்விட்டது. 1960களின் தொடக்கத்தில் ருமேனியாவில் தென்பட்டது. பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆண்மீன் கல்லைத் துப்புரவாக்கி முட்டைகளைக் காத்து நிற்கும். ஓராண்டிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பரவுவதற்கு இவையே போதுமானவை. ஆனால் பெரிய கேடு வேறு. தனக்குத் தீங்கு செய்யாத ஓர் ஒட்டுண்ணியை அது சுமந்து திரிந்து உள்ளூர் மீன்களுக்குத் தொற்ற வைக்கிறது என்று 2005இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குஞ்சு மீன் ஏற்றுமதியில் ஒரு பையில் இருப்பது ஒரே இனம்தானா என்று பார்ப்பது வெறும் கணக்கு வேலை அல்ல.

இனி ஒரு தவறான உறவு. ஈப்போவிலும் தஞ்சோங் துவாலாங்கிலும் சீன உணவகங்களில் நீராவியில் அவித்துப் பெரும் விலைக்குப் பரிமாறும் கெதுத்து மீனை ஆங்கில மீன் புத்தகங்கள் சிலவும் கட்ஜன் என்றே குறிக்கின்றன. சீனர்கள் சூன் ஹாக் என்பார்கள். தரையில் அசையாமல் கிடக்கும், பழுப்புப் பளிங்கு நிறம், அருகே வந்த இறாலைச் சட்டென்று விழுங்கும். தரையில் வாழ்வது மட்டும்தான் கட்ஜனோடு அதற்குள்ள ஒற்றுமை. அதன் வாயில் விரலை விட்டால் தாடையில் பல் இருக்கும். முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள். கெண்டைக்கு ஒன்றுதான். வெபர் எலும்புகள் இல்லை. அது உளுவைகளின் வரிசையைச் சேர்ந்தது. கெண்டைக்கு அதைவிடக் கெளுத்தி நெருங்கிய சொந்தம். ஒரே வகை வாழிடம் உறவில்லாத மீன்களை ஒரே சாயலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள் நூற்றுக்கணக்கான குட்டைகளாக நிறைந்தன. பத்து காஜாவிலிருந்து கம்பார் வரை இன்றும் பார்க்கலாம். 1985இல் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடியதற்கும் முன்பே, வேலை முடிந்த குட்டைகளில் சீன விவசாயிகள் கெண்டை வளர்த்தார்கள். அவர்கள் விட்ட மீன்களின் கூட்டு சீனத்தில் பல நூற்றாண்டுகளாகப் பழகிய கூட்டு. புல்கெண்டைக்குக் கரையில் வெட்டிய புல்லைப் போடுவார்கள். அது தின்பதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும். அந்த எருவில் நுண்பாசி செழிக்கும். வெள்ளிக் கெண்டையின் செவுள் முள்கள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய சல்லடையாகி அந்தப் பாசியை வடித்தெடுக்கும். பெருந்தலைக் கெண்டையின் சல்லடை சற்று அகலம், அதில் நுண்ணுயிர் விலங்குகள் சிக்கும். அடிச்சேற்றைச் சாதாக் கெண்டை கிளறும். ஒரே குட்டைக்குள் நான்கு வயல்கள்.

ஆனால் இவற்றில் சாதாக் கெண்டை மட்டும்தான் குட்டையில் தானாக இனம் பெருக்கும். ஒட்டும் முட்டைகளைச் செடிகளில் பதித்துவிடும். மற்ற மூன்றும் ஓடும் பெரிய ஆற்றில் முட்டையிடுபவை. அவற்றின் முட்டை நீரோட்டத்தில் மிதந்துகொண்டே பொரிய வேண்டும், தேங்கிய நீரில் அடியில் படிந்து செத்துவிடும். அதனால் குஞ்சுகளைக் கப்பலில் சீனத்திலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நிலையை மாற்றிய வழி இந்தியாவில் கெண்டைகளுக்கு முதலில் கைகூடியது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அடுத்த ஆண்டே சீனத்தில் வெள்ளிக் கெண்டைக்கும் பெருந்தலைக் கெண்டைக்கும் அது கைகூடியது. இன்று கிந்தாவில் தூண்டிலில் சிக்கும் ரோகுவுக்குப் பின்னால் அங்குலின் அந்த நாள் நிற்கிறது.

தமிழ்நாட்டு மலையாறுகளையும் பேராக்கின் மலையாறுகளையும் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. இரண்டிலும் மகசீர்கள், செலுவாங்கின் உறவுகள், கல்லோடு ஒட்டி வாழும் கார்ரா. இடையில் கங்கைச் சமவெளியும் வங்கக் கடலும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுந்தர்லால் ஹோரா 1940களில் இதற்கு விடை தேடினார். பனியுகக் காலங்களில் குளிர்ந்து ஈரமாகிய சாத்பூரா மலைத்தொடர் வழியாக மலாயா வகை மீன்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து சேர்ந்தன என்றார். பின்வந்தவர்கள் அந்தப் பாதையையும் காலத்தையும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். மரபணுக் கணக்குகள் பல பிரிவுகளைப் பனியுகத்துக்கு வெகு முன்பே வைக்கின்றன. ஆனாலும் ஹோரா கேட்ட கேள்வி சரியான கேள்வி. காவிரியின் திமில் மகசீர், 2007இல் டோர் ரெமாதேவியே என்று பெயர் பெற்ற மீன்தான் என்று 2018இல்தான் உறுதியாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் படம் எடுத்துப் பெருமைப்பட்ட மீனுக்கு அதுவரை சரியான அறிவியல் பெயர் இல்லை. கெலாவுக்கும் அதே வழக்கு. ஜாவாவிலிருந்து 1842இல் பெயர் பெற்ற டோர் தம்ப்ராவும் பிளீக்கரின் டோர் தம்ப்ராய்டஸும் இரண்டா ஒன்றா என்று இன்னும் வாதிடுகிறார்கள். இந்த மீன்களின் குரோமோசோம் எண்ணிக்கை 100, பெரும்பாலான கெண்டைகளுக்கு 50. முன்னொரு காலத்தில் மரபுத்தொகுதி இரட்டித்த வம்சம் இது. சாதாக் கெண்டைக்கும் 100தான். ஆனால் அது தனியாக இரட்டித்துக்கொண்டது.

பெயர் தீர்வதற்கு முன்பே மீன் தீர்ந்துவிடுவதுதான் பயம். தெமோலே தீபகற்பத்தில் பேராக், பாகாங் ஆறுகளில் மட்டும் வாழ்ந்தது. முட்டையிட ஆற்றில் மேலேறிப் போகும் மீன். கிந்தாவின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வேண்டுமென்று கோலகங்சாருக்கு மேலே செண்டரோவில் அணை கட்டினார்கள், 1930இல் அது முடிந்தது. 1970களில் தொடங்கி அதற்கும் மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகள் வந்தன. ஆறு ஏரிகளின் தொடராயிற்று. தேங்கிய நீரில் ரோகுவும் லம்பாமும் செழிக்கலாம், தெமோலேவுக்கு ஓட்டம் வேண்டும். 1975 முதல் அது பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்பில் இருக்கிறது. உலகளவில் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வணிகத் தடை அணைக்கு மீன்வழி வெட்டித் தராது.

சிற்றாறுகளின் கதை வேறு. ரப்பர் ஆலைகளில் பாலை உறைய வைத்த ஃபார்மிக் அமிலமும் கழுவிய நீரும் அல்லூர் வழியாக ஆற்றில் கலந்தன. அழுகும் கழிவு நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிக்கொள்ள, கீழே பல தூரத்துக்கு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். 1974இன் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் கழிவு விதிகள் வந்தன. அது உண்மையான முன்னேற்றம், மறுக்க முடியாது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகள் ஆயின, லயத்து மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். அல்லூர்கள் சில நேராக்கப்பட்டன, சில கரைமரத்தை இழந்தன, சில அப்படியே கிடக்கின்றன.

அப்படிக் கிடக்கும் அல்லூர்களில், சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா, சிலிம் ரிவர் வரை, தோட்டத்துப் பிள்ளைகள் மண்புழு குத்திப் பிடித்த சிறு கெண்டை இன்னும் இருக்கிறது. மலாயில் தெபால் சீசெக் என்பார்கள், தடித்த செதில்காரன். அறிவியல் பெயர் பார்போடஸ் பைனோட்டாட்டஸ், வாலென்சியென் 1842இல் வைத்தது. குஞ்சாக இருக்கும்போது உடலில் பல புள்ளிகள், வளர வளர அவை மங்கி, முதுகுத் துடுப்பின் அடியிலும் வாலடியிலும் மட்டும் தங்கும். இந்தோனேசியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை இதே பெயரில் திரியும் இந்த மீன் ஒரே இனம் அல்ல, பல இனங்களின் கூட்டம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புள்ளியின் இடம், செதில் எண்ணிக்கை, உடலின் உயரம் ஆற்றுக்கு ஆறு வேறுபடுகின்றன. ஒவ்வொரு மலைச்சரிவிலிருந்தும் சில மீன்கள், அவற்றின் துடுப்பிலிருந்து ஒரு நகக்கண் அளவு திசு, சாராயத்தில் போட்டுப் பிடித்த இடத்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு. இவ்வளவு இருந்தால் அந்தக் கூட்டத்தைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கலாம். லயத்துக்குப் பின்னால் ஓடிய அல்லூரின் பெயரும் அது எங்கே வளைந்து எந்த ஆற்றில் சேர்ந்தது என்பதும் வரைபடங்களில் பெரும்பாலும் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் நினைவில் இருக்கிறது.